டைம் ஆபீஸ் மாத்திரை: மருத்துவ ரகசியம் யாரைக் காக்கிறது?

மாதவிலக்கு வலி தாங்காமல் ஒரு பெண் டைலர் மெஷினை விட்டு எழுந்தால் லைன் நிற்கும், பீஸ் குறையும். லீவு போட்டால் அன்றைய கூலி போகும். இதற்குப் பல ஆயத்த ஆடை கம்பெனிகளில் ஒரு வழி வைத்திருந்தார்கள். டைம் கீப்பரிடம் போய் நின்றால் ஒரு மாத்திரை கிடைக்கும். அட்டை இருக்காது, பெயர் இருக்காது. 2019 ஜூன் மாதம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை இதை வெளியே கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் இருக்கும் சுமார் 100 பெண்களிடம் அவர்கள் பேசினார்கள். எல்லோருமே இப்படி மாத்திரை வாங்கி விழுங்கியவர்கள். அது என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் அதனால் உடம்பு கெட்டது என்றார்கள்.

தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் 45ஆம் பிரிவைப் படித்தால் அந்த மாத்திரை எந்த இடுக்கில் நுழைந்தது என்று தெரியும். அப்போது அமலில் இருந்த அந்தப் பிரிவின்படி 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும். விதியில் சொன்ன பொருளைத் தவிர வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது. பெட்டிக்குப் பொறுப்பாளர் முதலுதவிப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். மருத்துவ ஆட்களோடு தனி அறை என்பது 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்துக்குத்தான். திருப்பூரில் நூறு பேர், ஐம்பது பேர், வீட்டு மாடியில் பத்துப் பவர் டேபிள் என்று ஓடும் கம்பெனிகளுக்குச் சட்டம் விட்டுவைத்தது அந்தத் தகரப் பெட்டியை மட்டுமே. பெட்டிக்குள் இருக்கக் கூடாத மாத்திரை டைம் கீப்பரின் மேஜைக்குப் போனது.

இது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? விழுங்கிய பெண்களுக்குத் தெரியும், கொடுத்தவருக்குத் தெரியும், சூப்பர்வைசருக்குத் தெரியும். மொத்தமாக விற்ற மருந்துக் கடைக்காரருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பையர் அனுப்பும் ஆடிட்காரர் ஆண்டுதோறும் வந்து தீயணைப்புக் கருவியை எண்ணிவிட்டுப் போகிறார். வெளியிலிருந்து ஒரு செய்தி நிறுவனம் வந்து உட்கார்ந்து கேட்கும்வரை விஷயம் வாசலைத் தாண்டவில்லை. அதே கம்பெனிக்குள் எந்தப் பெண்ணுக்கு எந்தத் தேதியில் விலக்கு, யாருக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பதை மறைக்க இடமே இல்லை. மாத்திரைக்குப் போய் நின்றாலே ஆண்கள் இருக்கும் டைம் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். மருத்துவத்தில் தவறை வெளியே சொல்வதையும் நோயாளியின் ரகசியம் காப்பதையும் தராசின் இரண்டு தட்டாக வைத்து, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்றே பொதுவாகப் பேசுகிறோம். அந்தக் கணக்கு இங்கே பொருந்தவில்லை. பெண்ணின் அந்தரங்கமும் காக்கப்படவில்லை, கம்பெனியின் தவறும் வெளிவரவில்லை. தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்த பெரிய வழக்குகளை எடுத்துப் பார்த்தாலும் ரகசியம் அநேகமாக நிறுவனத்தைத்தான் காத்திருக்கிறது, நோயாளியை அல்ல.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்திய மருத்துவக் குழுமம் 2002இல் வெளியிட்ட நடத்தை விதிகளே இன்றும் மருத்துவர்களுக்குப் பொருந்துகின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை அறிவித்து அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. பழைய விதிகளில் 7.14 நோயாளியிடமிருந்து தெரிந்துகொண்டதை வெளியிடக் கூடாது என்கிறது. விதிவிலக்கு மூன்று: நீதிமன்ற உத்தரவு, ஒரு குறிப்பிட்ட ஆளுக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய். அதே விதிகளின் 1.7, சக மருத்துவரின் திறமையின்மையையும் ஊழலையும் நேர்மையற்ற நடத்தையையும் அச்சமோ தயவோ இன்றி வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. முதல் விதி பேசுவது நோயாளியைப் பற்றி, இரண்டாவது பேசுவது மருத்துவரைப் பற்றி. இரண்டும் எங்கும் முட்டிக்கொள்ளவில்லை. மருத்துவமனையின் கெட்ட பெயருக்குப் பாதுகாப்புத் தரும் விதி அந்தப் புத்தகத்தில் கிடையாது.

தொழிற்சாலைச் சட்டமும் இதில் தெளிவாகவே இருந்தது. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸ் போன்ற தொழில்நோய்களை மருத்துவர் கண்டால், தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது 89ஆம் பிரிவு. புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்றது 118ஏ. நோய் வெளியே வரவேண்டும், சொன்னவர் பெயர் உள்ளே இருக்கவேண்டும் என்ற சரியான வரிசை. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் இடத்தைத் ‘தொழிற்சாலை’ என்று சொல்ல 10 ஆள் போதும் என்றிருந்தது, அதில் 20 ஆகியிருக்கிறது. ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நிறைந்த திருப்பூருக்கு இது சின்ன மாற்றம் அல்ல.

சட்டம் இப்படி; நடந்தது என்ன என்று அறியச் சாத்தூர் வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2018 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அது சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. இது எப்படி வெளியே தெரிந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோது தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்ததும் தானே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார், என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று. அதற்குள் ஏற்றியாகிவிட்டது. விசாரித்ததில் இன்னொன்றும் வந்தது. 2016இல் ஒரு முகாமில் அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று பதிவாகியிருக்கிறது. அவருக்கு அது சொல்லப்படவே இல்லை.

ரகசியம் என்ற ஒன்று இந்த வழக்கில் எந்தெந்தத் திசையில் நடமாடியது என்று பாருங்கள். நோயாளிக்கே அவருடைய நோய் இரண்டு ஆண்டுகள் மறைக்கப்பட்டது. வேண்டுமென்று மறைத்தார்கள் என்று சொல்லவில்லை, சொல்லும் வேலை யார் தலையிலும் விழவில்லை. ரத்த வங்கியின் தவறை வங்கிக்குள் இருந்து யாரும் சொல்லவில்லை. சொன்னவர் தன் ரகசியத்தையே விலையாக வைத்துச் சொன்ன ஒரு இளைஞர். எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2017, ஒருவருடைய தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. மூன்று மாதத்துக்குள் அதற்கு முதல் பெரிய சோதனை வந்தது, சட்டம் அதில் தோற்றது. நாளிதழும் தொலைக்காட்சியும் அந்த இளைஞரின் பெயரை விட்டுவிட்டு மற்ற அடையாளங்களை எல்லாம் கொடுத்தன. சிறு ஊரில் இரண்டு அடையாளம் போதும். செய்தி வெடித்த சில நாட்களில் அவர் தற்கொலைக்கு முயன்றார். டிசம்பர் 30 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஜனவரியில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. ரத்த வங்கி ஊழியர்கள் மீது நடவடிக்கை வந்தது. தகவல் சொன்ன இளைஞரைப் பற்றி அரசு எதுவும் கற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. மருத்துவத் தவறை முதலில் சொன்னவர் என்ற கணக்கில் அவருக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் பேசும்போதெல்லாம் ‘ரத்தம் கொடுத்தவர்’ என்று தொற்றின் ஊற்றாகத்தான் சொல்கிறோம்.

சாத்தூருக்கு இருபது ஆண்டு முன்பே இந்தக் கேள்வி சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. உறவினரின் அறுவை சிகிச்சைக்காக 1995இல் சென்னை வந்த நாகாலாந்து மருத்துவர் ஒருவர் ரத்தம் கொடுத்தார், அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை மருத்துவமனை கண்டது. செய்தி உறவினர் வழியே பரவிக் கல்யாணம் நின்றது. ‘எக்ஸ்’ எதிர் மருத்துவமனை ‘இசட்’ என்று பெயர் மறைத்து 1998இல் வந்த தீர்ப்பு, ரகசியம் முழுமையான உரிமை அல்ல, மணக்கவிருந்த பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம் என்றது. அந்தத் தர்க்கம் சரி. ஆனால் ஒரு பெண்ணிடம் சொல்வதற்கும் ஊரிடம் சொல்வதற்கும் நடுவே இருக்கும் தூரத்தை அந்தத் தீர்ப்பு போதிய அளவு அளக்கவில்லை என்பது என் எண்ணம்.

2022இல் ஈரோட்டில் வெளிவந்தது இன்னொரு வகை. 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையைத் தாயே தரகர் மூலம் திரும்பத் திரும்ப விற்றிருந்தார். ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். ஈரோட்டில் தொடங்கிய விசாரணை பெருந்துறை, சேலம், ஓசூர் என்று நீண்டு ஆந்திர, கேரள மருத்துவமனைகளுக்கும் போனது. செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2021இன்படி முட்டை கொடுப்பவருக்கு 23 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆயுளில் ஒரு முறைதான் கொடுக்கலாம். ஒரு முறை முட்டை எடுக்க எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன், எத்தனை நாள் வருகை! வரவேற்பாளர், ஸ்கேன் எடுப்பவர், ஊசி போட்ட செவிலியர், மயக்க மருத்துவர், ஆய்வகத்தார் என எத்தனை கண்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்கும். ஆனால் அந்தச் சிறுமி உறவினர் வீட்டுக்குத் தப்பிப் போய்ச் சொன்ன பிறகே விஷயம் போலீசுக்கு வந்தது. கருமுட்டை கொடுப்பவரின் அடையாளத்தைக் காப்பது கருத்தரிப்பு மையங்களின் வழக்கம். அந்தத் திரைதான் அவளுடைய வயதை மறைக்கவும் உதவியது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரக விற்பனை வெளிவந்து இரண்டு மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமம் போனபோதும், காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக நகர்ந்திருந்த ஓர் ஏற்பாட்டைத்தான் பார்த்தோம்.

ஏன் உள்ளே இருப்பவர்கள் பேசுவதில்லை? கோழைத்தனம் என்று சொல்வது எளிது. அரசு மருத்துவமனை ஊழியருக்கு ‘17பி’ என்ற ஒரு சொல் போதும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பெரிய தண்டனைக்கான அந்தக் குறிப்பாணை நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு நிற்கும், ஓய்வு பெறும் நாளில்கூட அது காலைச் சுற்றும். 2015 முதல் தமிழ்நாட்டில் செவிலியர்கள் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். ஆரம்பத்தில் மாதம் 7,700 ரூபாய். எப்போது நிரந்தரம் என்று காத்திருப்பவர் கேஸ் ஷீட்டில் மருந்தின் நேரம் பின்னால் திருத்தப்பட்டதைப் பார்த்தால் என்ன செய்வார்? தனியார் நர்சிங் ஹோம்களில் நிலைமை இன்னும் மோசம். அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது இல்லாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை, தன் தாய்க்குத் தவறான சிகிச்சை தரப்பட்டது என்று நம்பிய மகன் கத்தியால் குத்தினார். மருத்துவத்தில் கெட்ட முடிவு எல்லாம் கெட்ட சிகிச்சை அல்ல. வார்டுக்குள் செல்போனை நீட்டி எடுத்த முப்பது நொடி வீடியோவில் பக்கத்துக் கட்டில் நோயாளியின் ஆடை விலகிய உடம்பும் சேர்ந்து ஊருக்குப் போகிறது. மருத்துவர்கள் வாயை மூடிக்கொள்வதற்குத் தாக்கப்படுவோம், படம் பிடிக்கப்படுவோம் என்ற பயமும் காரணம்; அதை நடிப்பு என்று ஒதுக்க முடியாது.

பிரிட்டனில் இந்த வீடியோச் சிக்கலே ஒரு வழக்கானது. மார்கரெட் ஹேவுட் என்ற செவிலியர், பிரைட்டன் மருத்துவமனையில் முதிய நோயாளிகள் தாகத்தோடும் வலியோடும் கவனிப்பாரற்றுக் கிடப்பதை மறைவான கேமராவில் எடுத்தார். பிபிசி 2005இல் ஒளிபரப்பியது. குறைகள் உண்மை என்று மருத்துவமனை நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. 2009 ஏப்ரலில் செவிலியர் குழுமம் ஹேவுட்டின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. காரணம், நோயாளிகளின் ரகசியத்தை மீறினார். கூக்குரல் எழுந்து வழக்கு நீதிமன்றம் போனதும் அதே ஆண்டில் அந்தத் தண்டனை ஓர் ஆண்டு எச்சரிக்கையாகக் குறைந்தது. தண்ணீர் கொடுக்காமல் விட்டவர்களைவிடப் படம் எடுத்தவருக்கே பெரிய தண்டனை முதலில் கிடைத்தது. அதே நாட்டில் பிரிஸ்டல் குழந்தைகள் இதய அறுவைப் பிரிவில் மயக்க மருத்துவர் ஸ்டீபன் போல்சின் வேறு வழியில் போனார். எத்தனை அறுவை, எத்தனை மரணம், மற்ற மருத்துவமனைகளில் எத்தனை என்று கணக்கெடுத்தார். பெயர் தேவைப்படவில்லை. எந்தக் குழந்தையின் ரகசியமும் போகவில்லை. இருந்தும் அவருக்கு அங்கே இடம் இல்லாமல் ஆஸ்திரேலியா போனார். 2001இல் வந்த கென்னடி அறிக்கை அவர் சொன்னதை உறுதி செய்தது. ரகசியம் காத்துச் சொன்னவருக்கும் அடி விழுந்தது என்றால் அடிக்குக் காரணம் ரகசியம் அல்ல.

ஆந்திராவின் நர்சிபட்டினத்தில் மயக்க மருத்துவர் சுதாகர், 2020 ஏப்ரலில் என்95 முகக்கவசம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். எந்த நோயாளியைப் பற்றியும் ஒரு சொல் பேசவில்லை. பணியிடை நீக்கம் வந்தது. அடுத்த மாதம் விசாகப்பட்டினம் தெருவில் கை கட்டப்பட்டுக் கிடந்த காட்சியை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2021 மே மாதம் அவர் இறந்தார். இப்படிப்பட்டவர்களுக்கென்று நாடாளுமன்றம் 2014இல் நிறைவேற்றிய தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. வந்தாலும் அது பொது ஊழியர் மீதான புகாருக்குத்தான். தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு அதில் நிழல் இல்லை. இதற்கிடையில் 2023இன் தனிநபர் தரவுச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கிவிட்டது. ‘பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம்’ என்ற வாசகம் அந்தப் பிரிவில் இப்போது இல்லை. 8(2) மிச்சமிருக்கிறது, அதைப் பிடித்து வாதாட வேண்டும்.

வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் தமிழ்நாடே ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. பேறுகால மரணத் தணிக்கையை 1990களிலேயே இங்கே தொடங்கினார்கள். தாய் எங்கே இறந்தாலும், தனியார் மருத்துவமனை ஆனாலும், அந்த மரணம் பதிவாக வேண்டும். வீட்டுக்குப் போய் உறவினரிடம் கேட்க வேண்டும். ஆட்சியர் வரை அது பேசப்பட வேண்டும். நோக்கம் ஆளைத் தேடுவதல்ல, எந்த மணி நேரத்தில் எது தவறியது என்று தேடுவது. மாநிலத்தின் பேறுகால இறப்பு விகிதம் 2010-12இல் லட்சத்துக்கு 90ஆக இருந்து 2018-20இல் 54 ஆனதற்கு இரவுபகல் ஆரம்ப சுகாதார நிலையம், 108 வண்டி, ரத்த வங்கி எல்லாம் காரணம்; இந்தத் தணிக்கைக்கும் பங்குண்டு. நடைமுறையில் கூட்டம் சில நேரம் மெமோ கொடுக்கும் இடமாக மாறுகிறது. ‘நம்ம கணக்குல விழ வேண்டாம்’ என்று உயிர் ஊசலாடும் தாயை அடுத்த மருத்துவமனைக்குத் தள்ளிவிடும் பழக்கமும் அதனால் வளர்ந்தது. ஆனாலும் ரகசியத்தைக் காத்துக்கொண்டே தவறைப் பேச முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. இதயம், டயாலிசிஸ், மயக்க மருந்து, ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி என்று வந்தால் இப்படி ஒரு தணிக்கை ஏன் கிடையாது?

தொழிற்சாலைத் தளத்திலும் ஒரு முன்னுதாரணம் உண்டு, பாலியல் தொல்லை சம்பந்தமாக. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏற்றுமதி நிறுவனத்தின் திண்டுக்கல் ஆலையில் வேலை செய்த ஒரு தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பின், 2022 ஏப்ரலில் தொழிற்சங்கமும் நிறுவனமும் பன்னாட்டு பையர்களும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தளத்திலேயே பெண் தொழிலாளர்களைக் கண்காணிப்பாளர்களாக்கி, புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் ஆர்டர் பாதிக்கும் என்று வைத்தார்கள். அந்த ஏற்பாட்டுக்குள் முதலுதவிப் பெட்டியையும் டைம் ஆபீஸ் மேஜையையும் சேர்ப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் தெரியவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊரில் பையர் சொன்னால் நடக்கும், சட்டம் சொன்னால் தாமதமாக நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதே திருப்பூரில் 2020 செப்டம்பர் 22 அன்று அரசு தலைமை மருத்துவமனையில் கட்டுமான வேலையின்போது மின்சாரம் தடைபட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் இறந்தார்கள். மின்தடையால்தான் இறந்தார்கள் என்று உறவினர்கள் வாசலில் கூடினார்கள். மாவட்ட நிர்வாகம் அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்பதை இங்கே தீர்க்க முடியாது. கேள்வி எழுந்ததே உறவினர்கள் நின்று சத்தம் போட்டதால்தான் என்பதை மட்டும் பார்க்கிறேன். திருப்பூரின் லைன்களில் இன்று ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் ஆட்கள் பெரும் பங்கு. கேஸ் ஷீட் ஆங்கிலத்தில், மருத்துவர் பேசுவது தமிழில், தாயும் தகப்பனும் இரண்டு நாள் ரயில் தூரத்தில். 2002 விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டைக் கொடுக்க வேண்டும். கேட்கத் தெரிந்த ஆள் கூட இருந்தால்தான் அது நடக்கும். சூப்பர்வைசரோ கான்ட்ராக்டரோதான் ‘கூட வந்தவர்’ என்று கையெழுத்துப் போடுகிறார், நோய் என்ன என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவர்தான். அந்தக் கட்டிலில் நடப்பதைப் பார்த்து, அந்தத் தொழிலாளிக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் அந்த ஷிப்டில் இருக்கும் செவிலியர். அவர் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்.